வேலு அங்கிள்கிட்ட மூணு தடவ கேக்கணும்

வேலு அங்கிள் போயிட்டாரு.

காலையில அவர் மகன் குமார் அண்ணே மெசேஜ் போட்டிருந்தாரு. அப்ப நான் பிடோக்ல ஒரு அடுக்குமாடி பிளாக் லிஃப்ட் வாசல்ல, கையில யாரோ ஆர்டர் பண்ண நாசி லெமாக் சோறு. அத கொண்டுபோய் குடுத்துட்டு, 'தேங்க்யூ, ஹேவ் அ நைஸ் டே'ன்னு வேற சொல்லிட்டு வந்தேன்...

தெரியாதவங்களுக்கு... போன வருஷம் தேக்கா பக்கம் ஒரு பாத்திரக்கடையில நான் கேஷியர், அவர் ஸ்டோர். எழுபத்திமூணு வயசு. பிரஷர் குக்கர் பெட்டிய ரெண்டு ரெண்டா தூக்குவாரு, கேட்டா ஜிம்முக்கு காசு மிச்சம்பாரு.

நான் நர்சிங் டிப்ளோமாவ பாதியில விட்டுட்டு வந்த பொண்ணுன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து என் பேரு டாக்டரம்மா. "ரெண்டு வருஷம் படிச்சல்ல, பாதி டாக்டர் லா நீ."

அங்கிள், டீ வேணுமா? "வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்." டீ வேணுமா அங்கிள்? "சேச்சே, வேணாம்." மூணாவது தடவ கேட்டாதான், "சரி, நீ இவ்வளவு சொல்றன்னா..." வாங்கி ஒரே மூச்சுல குடிப்பாரு.

கடையில எல்லாருக்கும் தெரியும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு மொதல்ல சொல்றதே அதான். வேலு அங்கிள்கிட்ட மூணு தடவ கேளு.

அப்புறம் கிட்னி போச்சு. ஹார்ட்டும் வீக்.

டாக்டர் சொன்னாராம், டயாலிசிஸ் செஞ்சா கொஞ்ச நாள் கூடலாம், ஆனா வாரத்துல மூணு நாள் அங்கயே போயிடும். செய்யாமலும் மருந்து வச்சு பாத்துக்கலாம். ரெண்டுமே தப்பில்ல, உங்களுக்கு எது முக்கியம்னு யோசிச்சுட்டு வாங்கன்னு ஒரு புக்கு குடுத்து அனுப்பிட்டாரு.

தமிழ்லயும் இருந்துச்சு. "என்னம்மா இது, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. நீயே படிச்சு சொல்லு. வீட்ல காட்டுனா அழுவாங்க."

படிச்சேன். படிச்சேனா... மொத பக்கத்த தள்ளிட்டேன், போரிங்கா இருந்துச்சு. நேரா கடைசிப் பக்கம். உங்களுக்கு எது எவ்வளவு முக்கியம், பத்துக்கு மார்க் போடுங்க.

கடையிலயே. குக்கர் பெட்டி மேல வச்சு. பக்கத்துல மொதலாளியம்மா, தோசைக்கல் பாக்க வந்த ரெண்டு ஆன்ட்டி, எல்லாரும் கேட்டுக்கிட்டு.

"ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகாம இருக்கறது?"

"அங்க ஏர்கான் நல்லா இருக்கும். அஞ்சு போடு."

"வீட்ல இருக்கறவங்களுக்கு தொந்தரவு இல்லாம இருக்கறது?"

"பத்து."

"ரொம்ப நாள் உயிரோட இருக்கறது?"

ஆன்ட்டிங்கள ஒரு பார்வ பாத்தாரு. சிரிச்சாரு. "போதும் லா, எதுக்கு... ரெண்டு போடு."

ரெண்டு போட்டேன். என் கையெழுத்து. மொத்தமே அஞ்சு நிமிஷம்.

ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்து சொன்னாரு, "டாக்டர், டயாலிசிஸ் வேணாமா, ஷுவரா அங்கிள்னு கேட்டாரு. ஷுவர் ஷுவர்னுட்டேன்." சொல்லிட்டு போகல, அங்கயே நின்னாரு. "சரிதானேம்மா?"

"நீங்கதானே சொன்னீங்க அங்கிள்"னேன். க்யூல ஆள் நின்னாங்க.

நான் ஒரு தடவ கேட்டேன். டாக்டர் ஒரு தடவ. அவ்வளவுதான்.

அப்புறம் எனக்கு கடையும் போர் அடிச்சுது, டெலிவரிக்கு வந்துட்டேன். எல்லாத்தையும் பாதியில விடறதுல நான் எக்ஸ்பர்ட்.

மூணு வாரம் முன்னாடி வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ். பதினோரு செகண்ட். "டாக்டரம்மா... அந்தப் புக்கு, கடைசிப் பக்கம்... அத மறுபடி எழுதலாமா? இல்ல ஒரு தடவதானா? சும்மாதான் கேட்டேன்."

உட்லண்ட்ஸ்ல மழையில நின்னுக்கிட்டு இருந்தேன். "அப்புறம் கூப்புடறேன் அங்கிள்"னு டைப் பண்ணேன்.

கூப்புடல.

அவரும் மறுபடி கேக்கல. அவர் கேக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்ல... தெரிஞ்சும்...

இன்னிக்கு சாயங்காலம் ஈசூன்ல அவர் பிளாக் கீழ, அவர வச்சிருந்த எடத்துக்கு போனேன். குமார் அண்ணே என் கையப் புடிச்சுக்கிட்டு தேங்க்ஸ் சொன்னாரு. "அப்பா ரொம்ப தெளிவா எழுதிக் குடுத்துட்டாரும்மா. அதான் நாங்க எதுவும் பேசல. நீ ஹெல்ப் பண்ணதா சொன்னாரு."

அந்தப் புக்க பூ, பத்தி எல்லாம் வச்ச மேசையிலயே வச்சிருந்தாங்க. மொத பக்கத்த இன்னிக்குதான் படிச்சேன். 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உங்கள் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.' பெரிய எழுத்துல.

குமார் அண்ணே, உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. அந்த வாய்ஸ் மெசேஜ் என் ஃபோன்ல இருக்கு. நீங்க கேக்கணும். கேட்டுட்டு என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க.

நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கறாங்க. கடையில கூட வேல பாத்தவங்க வந்துருங்க.

கெளம்பறப்ப ஒரு சின்னப் பையன் பாக்கெட் டிரிங்க் நீட்டுனான். வேணாம்னேன். சரின்னுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டான்.

அங்கிள்... பாத்துப் போங்க.