சினை மாட்டுச் செயலிக்கு ஒரு புகார்ப்பெட்டி

மென்பொருள் எழுதுவது பாதி வேலை, அது எங்கே உடைந்தது என்று உபயோகிப்பவர் வாயிலிருந்து வரவழைப்பது மீதி வேலை. இலவசமாகச் செயலி செய்து கொடுத்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்!

நான் கேரள எல்லையில் மீனாட்சிபுரம். கூட்டாளி முருகேசன் இடுக்கி மலையில் சாந்தன்பாறை. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் கொடுத்தால், கன்று போடும் நாள் நெருங்கும்போது மணியடித்துச் சொல்லும் செயலி எங்களுடையது. நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுக்கலாம், திருத்தலாம். பிழை சொல்லத்தான் இடமில்லை.

ரோஜாப்பூவுக்கு நடுவில்

முதலில் வாட்ஸ்அப் குழுதான். ஒருநாள் பழனிசாமி அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கோபமாக வந்தார். கன்று போடும் தேதியைச் செயலி பிந்திக் காட்டியதால் மணி அடிக்கவே இல்லையாம். மாடு மேய்ச்சல் காட்டில் மழையில் தனியாகக் கன்று போட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சத்தம் கேட்டு ஓடியதால் கன்று பிழைத்தது.

"தேதி தப்பாக் காட்டுதுன்னு முன்னமே சொல்லியிருக்கலாமேங்கண்ணா" என்றேன். போனை நீட்டினார். ஒரு குட் மார்னிங் ரோஜாவுக்கும் கோயில் நோன்பி அறிவிப்புக்கும் நடுவில் அவர் புகார் கிடந்தது.

"நான் சொல்லிப்போட்டனுங்க அம்மிணி. நீங்கதான் ரோசாப்பூவைப் பார்த்துட்டு எம்பட மாட்டை உட்டுப்போட்டீங்க."

பெரிய இடத்துச் சரக்கு

அன்றே, பிழைப் புகார்களைத் தனியாகப் பதிந்து வைக்கும் பக் டிராக்கர் தேட ஆரம்பித்தோம். பெரிய கம்பெனிகள் வைத்திருப்பதே வேண்டும் என்று முருகேசன் ஒற்றைக்காலில் நின்றான். திறந்தால் கட்டம் கட்டமாகக் கேள்விகள். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாடும் வளர்க்கும் ராஜாத்தி அக்காவிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னோம். பிழையின் தீவிரம் என்ன என்ற கட்டத்தில் நின்றுபோய், எனக்குப் போன் போட்டார்.

"தாயி, மாடு போன மாசமே கன்னு போட்டிருக்கணும்ங்குது உங்க செயலி. மாடு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. இது 'நடுத்தரமா', 'அதிகமா'?"

சொந்த வீட்டுச் சமையல்

அடுத்து, என் பழைய கம்ப்யூட்டரிலேயே ஒரு டிராக்கரை நிறுவினேன். எத்தனை பெருமை எனக்கு! மதியம் ஒரு காற்றடித்தது, கரண்ட் போனது, டிராக்கரும் போனது. முருகேசன் கூப்பிட்டான்.

"ஏக்கா, பிழையச் சொல்ற எடமே படுத்துட்டா, அத எங்க போய்க்கா சொல்ல?"

ரெண்டு மாடு, ஒரே பிழை

கடைசியில் இருப்பதிலேயே எளிதானதைப் பிடித்தோம். கணக்குத் திறக்க வேண்டாம், பட்டனை அழுத்திப் பேசினால் போதும். போன் எந்த மொழியில் இருக்கிறது என்பதை அதுவே குறித்துக்கொள்ளும். பழைய புகார்க்காரர்களை அதிலேயே மறுபடி பேசச் சொன்னேன். பழனிசாமி அண்ணனுக்குத் தேதி பிந்தியது, ராஜாத்தி அக்காவுக்கு முந்தியது. வேறு வேறு பிழை என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும்தான் கண்ணில் பட்டது. இரண்டு போனும் அமெரிக்க இங்கிலீஷில்! அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அந்த வழக்கப்படி எங்கள் செயலி தேதியை மாதமாகவும் மாதத்தைத் தேதியாகவும் படித்திருக்கிறது. முருகேசனைக் கூப்பிட்டேன், அவனும் அதே நேரம் கண்டுபிடித்திருந்தான். இருவரும் கத்திய கத்தலில் யார் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் திருத்தி அனுப்பினோம்.

மறுவாரம் ராஜாத்தி அக்கா போனில் மணி சரியாக அடித்தது. கன்று வயிற்றுக்குள் தலை திரும்பிக் கிடந்தது. ஆனால் அக்கா உஷாராக இருந்ததால் டாக்டர் நேரத்துக்கு வந்துவிட்டார். தாயும் கன்றும் நலம். அக்கா குரலில் அப்படி ஒரு சிரிப்பு.

"பொட்டக் கன்னு தாயி! இத அந்தப் பெட்டியில எந்தப் பட்டன அமுக்கிச் சொல்லணும்?"

ஆக, சக பாவப்பட்டவர்களே, டிராக்கர் தேடும்போது திட்ட வருகிறவருக்கு வழி சுலபமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாராட்ட வருகிறவர் எப்படியும் உங்கள் போன் நம்பரைக் கண்டுபிடித்துவிடுவார்.