எதிராளியின் தாத்தாவைப் பாடி ஜெயித்தது

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். மகள் கல்லூரியில் தமிழ் இலக்கியம்தான் படிப்பேன் என்கிறாளாம். "பழைய பாட்டைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா? நீங்களாவது புத்தி சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தி சொல்லச் சரியான ஆளைப் பிடித்தார்! பழைய பாட்டை வைத்தே அரசியலில் காலூன்றியவன் நான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வித்துவான் பட்டத்தோடு சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன். வேலை கிடைக்கவில்லை. "தமிழ் படிச்சவன் சிங்கியடிக்க வேண்டியதுதாம்லே" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி. இன்றும் ரச வாசனை வந்தால் அந்த வசனமும் கூடவே வந்துவிடும்.

தண்ணீருக்குத்தான் அப்போது பெரும்பாடு. பஞ்சு வியாபாரி ஒருவர், பேட்டை அண்ணாச்சி என்போம், அவருடைய தாத்தா ஊருக்கென்று ஒரு கிணறு வெட்டியிருந்தார். பேரன் அதைச் சுற்றிப் பஞ்சு மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டி, கதவைப் பூட்டிவிட்டார். எங்கள் நெசவாளர் தெருப் பெண்கள் ரயிலடியைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்தார்கள். அந்த அண்ணாச்சியே பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். எதிர்த்து நிற்க யாருக்கும் தைரியமில்லை. சும்மா இருக்கிறான், பேசவும் செய்வான் என்று தெருக்காரர்கள் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி வைப்பார்கள். அவருக்குச் சிவப்புப் பெட்டி, எனக்குப் பச்சை.

முதல் கூட்டத்தில் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ஒரு பாட்டைச் சொல்லி, பதம் பிரித்து, பொழிப்புரை சொல்லி நிமிர்ந்தால் எதிரே இரண்டு ஆடுகளும் நண்பன் சுப்பையாவும்தான் மிச்சம். "ஏலே, ஓட்டுக் கேக்க வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?" என்றான்.

அந்தக் காலத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் மேடையில் பேசும்போது எதிராளி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். கடைசி நாள் சாயங்காலம் ரத வீதியில் என் கூட்டத்துக்குப் பேட்டை அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். அவரைத் திட்டுவதற்கென்று சுப்பையா நல்ல நல்ல வசவாகச் சேர்த்து வைத்திருந்தான். எனக்கோ பழைய புலவர்கள் ஞாபகம். கருமி வள்ளலாக வேண்டுமென்றால் அவர்கள் அவனைத் திட்டமாட்டார்கள். அவன் முன்னோரைப் பாடுவார்கள். இன்னார் வழி வந்தவன் நீ என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார்கள்.

நானும் தாத்தாவைப் பாடினேன். "பாறை வந்த பெறகும் விடாம வெட்டுன மனுசன்! மொதக் குடத்தைத் தெருவுக்குக் குடுத்துட்டுத் தான் குடிச்ச மகராசன்!" அண்ணாச்சி முகம் மலர்ந்து கை தட்டினார். சுப்பையா என் வேட்டியை இழுத்து, "கிறுக்குப் பயலே, யாருக்குலே ஓட்டுக் கேக்குத?" என்று பல்லைக் கடித்தான்.

"அந்த மகராசன் பேரன் இந்தா இங்கன இருக்காரு. தாத்தா வெட்டுன கெணத்தை இவரு பூட்டுவாரா? சாவி அவரு இடுப்புலதான் இருக்கு. இப்பமே தருவாரு" என்று சொல்லிவிட்டு நின்றேன். பின்னால் ஒரு பெண் காலிக் குடத்தைத் தரையில் வைத்தது மட்டும் கேட்டது. ஊரே அவரைப் பார்த்தது. கொஞ்சம் முன்புதான் கை தட்டியிருக்கிறார், என்ன செய்வார்? எழுந்து, சாவியை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். ரத வீதி முழுக்க ஒரே குலவைச் சத்தம்!

"தெறந்துட்டாரே, இனி அவருக்குல்லா ஓட்டு விழும்" என்று சுப்பையா தலையில் கை வைத்தான். மறுநாள் பச்சைப் பெட்டி நிரம்பி வழிந்தது. "தெறந்தது அவரு, தெறக்க வச்சது நீயில்லா மக்கா" என்றாள் குடத்துக்காரி. அப்பா அம்மாவிடம், "தமிழ் படிச்சவனுக்கு இன்னொரு கரண்டி ஊத்து" என்றார். அன்றைய ரசத்தின் ருசியை எந்தப் பதவியும் எனக்குத் தரவில்லை. அடுத்தடுத்து எத்தனையோ பதவிகள் வந்தன, எல்லாம் அந்தக் கிணற்றில் ஊறியவைதான்.

அடுத்த தேர்தலிலும் பேட்டை அண்ணாச்சி என் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு எங்கப்பாவைப் பாடிராதேயும் வே" என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம், பிள்ளையைத் தடுக்காதீர்கள், படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பேட்டை அண்ணாச்சி காலமாகிவிட்டார். கிணறு கடைகளுக்கு அடியில் போய்விட்டது. போன தேர்தலில் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் எதிராளியின் நாற்காலி எங்கே என்று கேட்டேன். பந்தல் போட்ட பையனுக்கு நான் கேட்டதே புரியவில்லை.