சொல்லுக்குத் திரும்பாத நாய்

பேச்சியம்மா இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி முழங்கால் புரண்ட பிறகு அவளால் மலை ஏற முடியவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே அவள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று பூட்டிக் கிடந்தது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடமாக இருந்தது அது. புதியது கட்டிய பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மிருக நலச் சங்கம் அதைக் கேட்டு வாங்கி, கைவிடப்பட்ட நாய்களுக்குக் காப்பகமாக்கியது. சோறாக்க ஆள் வேண்டும் என்றார்கள். பேச்சியம்மா போய்ச் சேர்ந்தாள்.

"நாய்க்கு ஆக்கிப்போடவா போற?" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிரித்தார்கள்.

"ஆமா. உப்புக் கூடிப்போச்சுன்னு அதுங்க தட்டைத் தள்ளிவிடாதுல்ல" என்றாள்.

சமையல் ஒரு மணி நேர வேலைதான். பூசணிக்காய், கோழிக் கழுத்து, சோறு எல்லாம் ஒரே அண்டாவில் வெந்துவிடும். மீதி நேரமெல்லாம் அவள் நாய்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த நாய் எங்கிருந்து வந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பஸ் ஹோர்ன் கேட்டதும் எழுந்து நிற்கிற நாய் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தது. கூட்டுகிற தும்புத்தடியைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்வது யாரிடமோ அடிவாங்கியது. இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்வாள்.

"அக்கா, நீங்க சமைக்க வந்தனீங்களோ, துப்பறிய வந்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரிப்பாள் ஆர்த்திகா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற மிருக வைத்தியர் அவள்.

சென்ற வருடம் மே மாத வெசாக் போயா பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிந்தது. மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஆறு மாதம் நிறைந்திருந்த கடைகளைப் பிரித்துக்கொண்டு வியாபாரிகள் கிளம்பினார்கள். யாத்திரிகர்கள் போட்ட ரொட்டித் துண்டில் வாழ்ந்த நாய்களுக்கு அதோடு சாப்பாடு நின்றுவிடும். பசியில் அவை லயங்களைத் தேடி இறங்க, அவற்றைத் தேடிச் சிறுத்தையும் இறங்கும். அதனால் வருடாவருடம் சங்கத்து லொறி போய் அங்கே திரிகிற நாய்களை ஏற்றி வரும். அந்தமுறை பதினொரு நாய்கள் வந்தன.

பத்து நாய்கள் சோற்றைக் கண்டதும் பாய்ந்தன. பதினோராவது, வலது காது நுனி கிழிந்த ஒரு கறுப்புப் பெட்டை, தட்டுக்கு முன்னால் அமர்ந்து பேச்சியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தின்னுடி" என்றாள். அசையவில்லை. "சாப்புடு கறுப்பி" என்றாள். அதற்கும் இல்லை. ஒருவேளை சிங்கள வீட்டு நாயோ என்று, சாப்பிடு என்பதைச் சிங்களத்தில் "கண்ட, கண்ட" என்று சொல்லிப் பார்த்தாள். ஆர்த்திகா வந்து இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். நாய் மரியாதையாக உட்கார்ந்தே இருந்தது. எல்லோரும் போன பிறகு, வெகுநேரம் கழித்துத் தயங்கித் தயங்கித் தின்றது. மற்றவை எலும்பும் தோலுமாக வந்திருக்க, இதன் உடம்பில் நல்ல சதை இருந்ததையும் பேச்சியம்மா கவனித்தாள்.

மாதக் கடைசி ஞாயிறு ஹட்டனில் நாய்களைத் தத்துக்கொடுக்கும் நாள். டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் முத்துலிங்கம் வந்து, குரைக்காமல் அமைதியாக இருந்த கறுப்பியை விரும்பி வாங்கிப்போனார். நாலாம் நாள் அவரே கொண்டுவந்து விட்டார்.

"இது செவிட்டு நாய்ங்க. தொண்டை கிழியக் கூப்புட்டாலும் திரும்பிப் பாக்குதில்ல. கடைக்குக் காவல் இருக்க இது சரிவருமா, சொல்லுங்க?"

அவர் போனதும் ஆர்த்திகா ஓசைப்படாமல் நாயின் பின்னால் போய் அண்டா மூடியைக் கீழே போட்டாள். கறுப்பி துள்ளித் திரும்பியது.

"காது நல்லாக் கேக்குது அக்கா. ஆனா மனுசர் கதைக்கிறதை மட்டும் இது கணக்கெடுக்குதில்லை."

இந்தப் பேச்சு பேச்சியம்மாவின் மனதைக் குடைந்தது. காது கேட்கிற நாய்க்கு மனிதக் குரல் ஏன் வெறும் சத்தமாகப் போயிற்று? யாரும் பேசாத வீட்டிலா வளர்ந்தது? பேசாமல் எப்படி ஒரு நாய்க்கு இவ்வளவு ஒழுக்கம் பழக்க முடியும்?

ஆனி மாதம் ஒருநாள் மதியம் மழை கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் கேட்கவில்லை. பேச்சியம்மா கறுப்பிக்குத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆர்த்திகா நின்றிருந்தாள். சாப்பிட்டீர்களா என்று அவளிடம் கேட்க, பேச்சியம்மா ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

கறுப்பி உடனே தலை குனிந்து சாப்பிடத் தொடங்கியது.

பேச்சியம்மா உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றாள். பிறகு மெதுவாக, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்துக் கீழே அழுத்தினாள். நாய் சாப்பாட்டை விட்டு உட்கார்ந்தது. கையைத் தன் பக்கம் வளைத்து இழுத்தாள். எழுந்து வந்து அவள் காலடியில் நின்றது.

மழையில் நனைந்தபடியே முற்றத்தை நொண்டிக் கடந்தாள். "மிஸ்! இத வளத்தவங்க வாய் பேசாதவங்க. கையாலதான் வளத்திருக்காங்க!"

அடுத்த நாளே அவள் பஸ் ஏறி நல்லதண்ணிக்குப் போனாள். கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும் தேத்தண்ணிக் கடை ஒன்றில் மட்டும் அடுப்பு எரிந்தது. அதை நடத்துகிற சோமாவதியிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இங்கே வாய் பேசாதவர் யாரும் கடை போட்டிருந்தாரா என்று கேட்டாள்.

"கம்பளித் தொப்பி விக்கிற ஆள்தானே? காதும் கேக்காது. கொத்மலைக்காரர்" என்றாள் சோமாவதி. பிறகு அவளே கேட்டாள்: "அந்தக் கறுப்பு நாய் கிடைச்சிட்டுதா?"

சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அப்போது நாய் யாத்திரிகர்களின் பின்னால் மலைக்கு ஏறியிருந்தது. குணமானதும் அவர் திரும்பி வந்து இரண்டு நாள் தேடினார். மலைப்படி முழுக்க ஏறிப் பார்த்தார். சோமாவதி சுவரில் மாட்டியிருந்த கலண்டரைத் திருப்பிக் காட்டினாள். அதன் பின்பக்கம், தங்கையின் போன் இலக்கத்தை அவர் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு நாயும் வரைந்திருந்தார்.

நாய் லொறியில் வந்த கதையைப் பேச்சியம்மா சொன்னாள். "லொறியில ஏத்தினவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், அது ஆள் உள்ள நாய்னு" என்றாள் சோமாவதி. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பேச்சியம்மா தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். காப்பாற்றுகிறோம் என்று இன்னொருவர் நாயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

போன் எடுத்தது தங்கை சரோஜாதேவி. பேச்சியம்மா விஷயத்தைச் சொன்னாள். "நெசமாவாங்க? சும்மா சொல்லி அண்ணன ஏமாத்திடாதீங்க" என்றாள் தங்கை.

ஆர்த்திகா தத்துப் பத்திரத்தை எடுத்து வைத்தாள். "வீட்டைப் பாத்துத்தான் குடுக்கவேணும் அக்கா. எல்லாருக்கும் உள்ள விதிதானே."

"அவரு நாயத் தூக்கிட்டு வந்தது நாம. அவர என்னத்துக்கு மிஸ் நாம சோதிக்கிறது?"

ஆர்த்திகா பத்திரத்தை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு வேனின் சாவியை எடுத்தாள்.

கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்த சிறிய வீடு அது. தொப்பி வியாபாரி கந்தப்பன் வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேன் கதவு திறந்ததும் கறுப்பி இறங்கி, மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்தது. அவர் அழைக்கவில்லை, ஓடிவரவுமில்லை. ஆள்காட்டி விரலால் தன் வலது காது நுனியை ஒருமுறை தொட்டார்.

நாய் பறந்தது. அவர் மேல் மோதிய வேகத்தில் இருவரும் புல்லில் விழுந்தார்கள். அதுவரை வாய் திறக்காத நாய், ஊளையும் குரைப்புமாக என்னவெல்லாமோ சொல்லி அழுதது. அவருக்கு அது கேட்கவில்லை. அதன் தொண்டையில் கை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதத் தொட்டாரே, அது என்னங்க?" என்று பேச்சியம்மா சரோஜாதேவியிடம் கேட்டாள்.

"அதான் அதோட பேருங்க. குட்டியில காது கிழிஞ்சு கெடந்தத எடுத்து வளத்தாரு."

பேச்சியம்மா தன் காது நுனியைத் தொட்டாள். புல்லில் கிடந்த நாய் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒன்றரை மாதத்தில் அவள் பேர் சொல்லி அழைத்து அது திரும்பியது அதுதான் முதல் தடவை.

கந்தப்பன் எழுந்து வந்து அவளைப் பார்த்து நீண்ட நேரம் கைகளால் பேசினார். சரோஜாதேவி மொழிபெயர்க்க வாயெடுத்தாள்.

"வேணாம், இருங்க. நானே வெளங்கிப் பாக்கறேன்" என்றாள் பேச்சியம்மா. பாதி விளங்கியது. மீதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சோறு போட்டதற்கு அவர் நன்றி சொன்னார். அடுத்த சீசனில் அவளுக்கு ஒரு தொப்பி தருவதாகச் சொன்னார். தலை அளவையும் அங்கேயே கையால் எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் சீசன் முடிகிற வாரம், சங்கத்து லொறி வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே பேச்சியம்மா நல்லதண்ணிக்குப் போனாள். சோமாவதியையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி, திரிந்த ஒவ்வொரு நாயையும் காட்டி, "இது யாரோட?" என்று விசாரித்தாள். ஒன்பது நாய்களில் ஆறுக்கு ஆள் இருந்தது. அவற்றில் ஒன்று பூக்கடைக்காரரோடு அவருடைய லொறியில் கம்பளைக்குப் போக ஏற்கெனவே தயாராக நின்றது. மீதி மூன்றுக்கும் யாருமில்லை என்று உறுதியான பிறகுதான் காப்பகத்துக்குப் போன் செய்து, லொறியை வரச் சொன்னாள்.