கடலைப் பார்த்த சுவர்

அந்தக் கரையோரத்தில் பெயிண்டர் என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். ‘காயட்டும்’ என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். அவர் வாயில் அதிகம் புழங்குகிற சொல் அது. பட்டி வைத்தால் காயட்டும், பிரைமர் அடித்தால் காயட்டும், வீட்டுக்காரர் வந்து கட்டிலை உள்ளே போடலாமா என்றாலும் காயட்டும். மகளின் கல்யாணப் பேச்சில் சம்பந்தி வீட்டார் தேதி கேட்டபோதுகூட இவர் யோசனையோடு வாயைத் திறந்தாராம். மனைவி முந்திக்கொண்டு ஒரு தேதியைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றினாராம். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் இதை வரிசையில் நிற்பவர்களிடம்கூடச் சொல்வார். பெயிண்டர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

தொழிலை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வயதில் படகுகளுக்குச் சுரண்டும் வேலைக்குப் போனார். அங்கிருந்து படகுக்காரர்களின் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார். கடற்கரைச் சுவருக்குள் உப்பு குடியிருக்கிறது என்பதையும், அது வெளியே வருவதற்குச் சமயம் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதையும் தானாகத்தான் கண்டுகொண்டார். அதற்கு அவர் வைத்திருந்த வழி ஒன்றுதான். தான் அடித்த ஒவ்வொரு சுவரையும் ஒரு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலம் தாண்டியதும் திரும்பப் போய்ப் பார்ப்பார். கதவைத் தட்டி, “சும்மா சுவரைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்பார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். பழகிய வீடுகளில் இதற்குச் சிரிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அவர் திரும்பப் போகவில்லை.

மேட்டுத் தெருவின் கடைசியில் இருக்கும் பல் டாக்டரம்மாவின் வீடு அது. ஏழு வருஷங்களுக்கு முன் மாடியில் கடலைப் பார்த்த அறையை அவரிடம் ஒப்படைத்தார் டாக்டரம்மா. மேற்குச் சுவர் முழுக்க உப்புப் பூத்துப் பொரிந்து கிடந்தது. பெயிண்டர் சுரண்டினார், கழுவினார், காத்திருந்தார். மறுபடி கழுவினார், மறுபடி காத்திருந்தார். ஒரு சாண் பிளாஸ்டிக் தாள்களை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுவார். மறுநாள் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது வாரம் ஆயிற்று. டாக்டரம்மாவின் மகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வரப்போகிறாள், தொட்டில் அந்த அறையில்தான் போட வேண்டும். டாக்டரம்மா படியேறி வந்து நின்றார்.

“ஒரு வாய் பல்லு முழுக்கக் கட்டிடுவேன் நான், இந்த நேரத்துல. உங்களுக்கு ஒரு சுவரு.”

முந்தின நாள் ஒட்டிய தாள்களில் மற்றவையெல்லாம் உலர்ந்திருந்தன. ஜன்னலுக்குக் கீழே இடது மூலையில் ஒட்டியது மட்டும் லேசாக, மூச்சு பட்ட கண்ணாடிபோல் மங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தை, தொட்டில், படியேறி வந்ததில் மூச்சிரைக்க நின்ற அந்த அம்மாள், எல்லாம் சேர்ந்து அவர் வாயை அடைத்துவிட்டன. மறுநாள் அடித்துவிட்டார். தெரிந்தே ஈரச் சுவரில் பிரஷ் வைத்தது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வேறு வேலைக்கும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் முடிந்தபோது மேட்டுத் தெரு வரைக்கும் போனவர் பாதியில் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு கடைவாய்ப் பல் வலித்தபோதுகூட இரண்டு ஊர் தாண்டிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சுவர் அவர் மனசுக்குள் வருஷா வருஷம் உரிந்துகொண்டே இருந்தது. முதலில் மூலை, பிறகு ஜன்னல் ஓரம், இப்போதெல்லாம் சுவர் முழுக்கவே.

ஒவ்வொரு வசந்தத்திலும், காற்று சற்றுச் சாந்தமாகி, செடிகள் போட்டி போட்டுக்கொண்டு பூக்கிற சமயத்தில், கரையோர ஊர்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை எட்டு வீடுகளைத் திறந்துவிடும். டிக்கெட் வாங்கியவர்கள் அடுத்தவர் வீட்டுக் கூடம், படுக்கையறை, தோட்டம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். வருகிற பணம் நூலகத்துக்குப் போகும். பெயிண்டரின் மனைவி தவறாமல் போகிறவர். கூட வரும் தோழிக்கு அந்த வருஷம் முழங்காலில் ஆபரேஷன். ஒரு டிக்கெட் மிஞ்சியது. சாப்பாட்டு மேஜையில் கிடந்த அதன் பின்பக்கத்தில் வீடுகளின் பட்டியல் இருந்தது. எட்டாவது வீடு டாக்டரம்மாவுடையது.

“நான் வரேன்” என்றார் பெயிண்டர்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை இருவரும் நல்ல உடுப்பு உடுத்திக் கிளம்பினார்கள். எட்டில் ஐந்து வீடுகள் இவர் கைபட்டவை. மனைவி நேராகத் தோட்டத்துக்குப் போய், பூவின் பெயர் கேட்டு, டிக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். பெயிண்டர் உள்ளேயே தங்கிவிடுவார். முதல் வீட்டில் ஒரு கூட்டம் பெரிய ஓவியத்தின் முன் நின்றது. அவர் அந்த ஓவியத்துக்கு இரண்டு முழம் தள்ளி, வெறும் சுவரின் முன் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அங்கே என்னவோ இருக்கிறது என்று இரண்டு பேர் வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

எட்டாவது வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. தோட்டத்துக்குப் போகும் வழியில் எல்லோரும் திரும்ப, அவர் மட்டும் மாடிப்படியைப் பிடித்தார். மனைவி அதைக் கவனித்துவிட்டு, பூவை விட்டுப் பின்னாலேயே ஏறினார்.

அறைக்குள் பத்துப் பதினைந்து பேர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் சுவரைப் பார்த்தார். வெண்ணெய் நிறம் அப்படியே இருந்தது. மேலே ஒரு கீறல் இல்லை, ஜன்னல் ஓரத்தில் ஒரு பொரிவு இல்லை. கண் இறங்கி இடது மூலைக்கு வந்தது. அங்கே, அளவெடுத்துச் செய்ததுபோல், இடுப்புயரத்துக்கு ஒரு மர அலமாரி நின்றது.

அவருக்கு விளங்கிவிட்டது. மறைத்திருக்கிறார்கள்.

குனிந்தார். மண்டியிட்டார். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அறையைக் காவல் காக்கப் போட்டிருந்தவர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார். எதையும் தொடக் கூடாது என்று தன் பழைய உத்தியோகக் குரலில் சொன்னார்.

“ஊரே பூவப் பார்க்க வந்திருக்கு. நீங்க சுவத்த மோந்து பார்க்கிறீங்களே, எழுந்திருங்க” என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

“இதுக்குப் பின்னாடி உரிஞ்சிருக்கு. நான் கெடுத்த வேலை” என்றார் அவர், தரையிலிருந்தே.

முப்பத்தாறு வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி மனைவி கேட்டதில்லை. இத்தனை வருஷமாக மேட்டுத் தெருப் பக்கமே வர மறுத்ததற்கும், கன்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனதற்கும் அப்போதுதான் அவருக்குக் காரணம் தெரிந்தது. கைப்பையை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, பரிசோதகரைப் பார்த்து, வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார்.

டாக்டரம்மா கையில் தோட்டத்துக் கத்தரியோடு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. தரையில் இருந்தவரை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் பெயிண்டர் இல்லை.

“டாக்டரம்மா, இந்த அலமாரியக் கொஞ்சம் நகர்த்தணும். மறைச்சு வச்சிருக்கீங்க, தெரியுது. என் முகத்துக்காக நீங்க ஒண்ணும் மறைக்க வேண்டாம்.”

“எத மறைச்சேன்? பாப்பா துணி வைக்கப் போட்டது. இத்தனை வருஷம் நகர்த்துனதே இல்ல.”

“அப்ப ஏன் என்னைக் கூப்பிடவே இல்ல?”

டாக்டரம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். “சுவரு நல்லா இருக்கு. எதுக்குக் கூப்பிடணும்? பல்லு வலிக்காதவங்க யாராவது என்னைத் தேடி வராங்களா?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயிண்டர் சிரிக்கவில்லை. அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். தொடக் கூடாது என்ற பரிசோதகரே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். அலமாரியின் கால் தரையில் உரசாமல் தூக்கி, ஒரு முழம் முன்னால் வைத்தார்கள்.

மூலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, விளிம்பெல்லாம் சுருண்டிருந்தது. நடுவில் பஞ்சுபோல் வெள்ளையாக உப்பு. தாள் ஒட்டிய அதே இடம்.

டாக்டரம்மா, கடல் காற்றுக்கு இது சகஜம்தானே என்று ஏதோ ஆரம்பித்தார். பெயிண்டர் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளங்கையை அந்த இடத்தின் மேல் விரித்து வைத்தார். பிறகு அதைச் சுற்றி, ஒரு அங்குலம் தள்ளி, இரண்டு அங்குலம் தள்ளி, விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான சத்தம். மேலே தட்டினார், கெட்டி. ஜன்னல் ஓரம், கெட்டி.

“இவ்வளவுதானா?” என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. “நான் சுவர் முழுக்க இருக்கும்னுல்ல நினைச்சேன்.”

பிறகு எழுந்து, துணியைத் தட்டிவிட்டுக்கொண்டு, டிக்கெட் வாங்கி வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். இது தன் கை வேலை என்றும், ஈரம் தெரிந்தே அடித்தது என்றும், டாக்டரம்மா அவசரப்படுத்தியது அவர் குற்றமில்லை, அதற்குத் தான் இணங்கியது தன் குற்றம் என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒரு பெண் மெதுவாக, தன் வீட்டுச் சமையலறையிலும் இப்படித்தான் வருகிறது, தினமும் ஈரத்துணியால் துடைக்கிறேன் என்றார். துடைக்கவே கூடாது என்றார் பெயிண்டர். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித்தான் எடுக்க வேண்டும், தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். இன்னொருவர் தன் குளியலறையைப் பற்றி ஆரம்பித்தார். கீழே தோட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாடியில் என்னவோ விசேஷம் என்று ஏறி வந்தார்கள். பரிசோதகர் வரிசை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு, இனி இவர் அசைய மாட்டார் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கினார். படியில் ஒரு தரம் திரும்பிக் கணவரைப் பார்த்தபோது மனைவியின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

கூட்டம் கலைந்ததும் டாக்டரம்மா கேட்டார். “எத்தனை நாள் ஆகும் சரிபண்ண?”

“இந்தத் தடவை நீங்க அதக் கேட்கக் கூடாது.”

“சரி. கேட்கல.”

திங்கட்கிழமை காலையில் பெயிண்டர் வாளியும் பிரஷ்ஷும் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளுமாக வந்து சேர்ந்தார். உப்பைத் தட்டி எடுத்தபின், தாளைக் கிழித்து ஊறவைத்துக் கூழாக்கி மூலையில் அப்பினார். அது காயக் காய உள்ளே இருக்கும் உப்பைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உரித்து எறிந்துவிட்டுப் புதிதாக அப்பினார். இப்படி நாலு முறை. அன்று தொட்டிலில் கிடந்து, இப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட டாக்டரம்மாவின் பேத்தி அந்த வாரம் தங்க வந்திருந்தாள். கூழ் பிசைகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டு மூக்கு வரைக்கும் பூசிக்கொண்டாள். ஐந்தாவது வாரம் டாக்டரம்மா படியேறி வந்தார். மூலையைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பெயிண்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். டாக்டரம்மா, தன் நாற்காலியில் உட்காருகிற நோயாளியைப்போல் திறந்த வாயோடு ஒரு கணம் நின்று, பிறகு அதை மூடிக்கொண்டு, டீ போடக் கீழே போனார்.