சந்தியில் தொங்கிய ஏழாமிடம்

அந்தப் பதாகையைச் சந்தியில் கட்டியவன் நான்தான். ரியூசன் வகுப்புக்காரர் கயிறு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கயிறு சோளகக் காற்றுக்கு நிற்காது என்று, என் கடையில் மோட்டர் சுற்றுகிற செப்புக் கம்பியை எடுத்துப்போய், வேப்பமரத்துக்கும் ரியூசன் மதிலின் இரும்புக் குழாய்க்கும் நடுவே ஆறு இடத்தில் முறுக்கிக் கட்டினேன். கடை வாசலில் இருந்து பார்த்தால் நேரே தெரியும்.

பதாகையில் என் மகளின் படம். பாடசாலைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல். பக்கத்தில் பெரிய எழுத்தில் “மாவட்டத்தில் ஏழாம் இடம்”. கீழே அவளுடைய இசட் புள்ளி, நாலு தசமதானத்தோடு.

இதை வாசிக்கிற பிள்ளைகள் பலர் இன்னும் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். இசட் புள்ளி என்பது நேரே கிடைக்கிற மார்க்ஸ் இல்லை. அந்த முறை அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருக்கும் நடுவில் நிற்கிற ஒருவரைவிட நீங்கள் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறீர்கள் என்று சொல்கிற கணக்கு அது. பல்கலைக்கழகத்துக்குள் யாரை விடுவது என்று அதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கடைசித் தசமத்தில் ஒன்று இரண்டு குறைந்து வீட்டில் நின்ற பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். கணக்கில் இரண்டு தரம் பெயில். அதனாலோ என்னவோ, அந்த எண்ணை மகளின் சாதகத்தைவிடக் கூடுதலாக நம்பினேன்.

என் கடை கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. தண்ணீர் இறைக்கிற மோட்டர் திருத்துகிறேன். உயர்தரத்துக்கு முந்திய வருடம் முழுக்க, மகள் ரியூசன் முடிந்ததும் கடையின் பின்பக்கம் இருந்து பழைய வினாத்தாள்கள் செய்தாள். நேரம் பிடித்தது நான். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து “நேரம் போட்டுது, அரை மணித்தியாலம் முடிஞ்சுது” என்பேன். அவள் பேனையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். அதே தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்ததில், கேள்வியின் முதல் வரியைக் கேட்டதுமே அது எந்த வருடம், எத்தனையாவது கேள்வி என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

மோட்டருக்காகக் காத்திருக்கிற ஆட்களுக்கு இதைக் காட்டாமல் நான் விட்டதில்லை. “எந்தத் தாளெண்டாலும் எடுத்து வாசியுங்கோ அண்ணை.” அவர்கள் தடுமாறி வாசிப்பார்கள். வரி முடிய முன்னமே அவள் வருடத்தைச் சொல்லிவிடுவாள். “உது பிள்ளையில்லை, ரேப் ரெக்கோடர்” என்றார் ஒருவர். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பெறுபேறு வந்து ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, பொறியியல் படிக்க அவள் தெற்குப் பக்கம் போனாள். முதலாம் வருடம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு புதன்கிழமை காலை, எந்தத் தகவலும் இல்லாமல் ரயிலில் வந்து இறங்கினாள்.

“என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்?”

“லீவு அப்பா.”

அன்றைக்கே ரியூசன் நடத்துகிற சேர் கடைக்கு வந்தார். “அண்ணை, மகள் வந்து நிக்கிறாவாம். சனிக்கிழமை புதுப் பட்ச் தொடங்குது. விளக்கைக் கொளுத்தி ஒரு பத்து நிமிசம் கதைச்சால் போதும். பிள்ளையளுக்கு ஒரு உசார் வரும்.”

“அதுக்கென்ன சேர், வருவா” என்றேன். அவளைக் கேட்காமலே சொன்னேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மனைவி குசினி வாசலில் என்னை மறித்தாள். குரலைத் தாழ்த்தி, “இஞ்சருங்கோ, அவள் வாளியையும் கொண்டந்திருக்கிறாள்” என்றாள்.

“என்ன வாளி?”

“ஹொஸ்ரல் வாளி. தலகணி, மேசை லைற், உடுப்புக் காயப்போடுற கயிறு, எல்லாம். லீவுக்கு வாற பிள்ளை வாளியைக் காவிக்கொண்டு வருமோ?”

கிணற்றடியில் அந்த நீல வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அவளுடைய பதிவிலக்கம் கறுப்பு மையில் எழுதியிருந்தது. சோற்றைப் பிறகு போடச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மகள் அறைக்குள் கட்டிலில் இருந்தாள். சனிக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் கணக்கிலை பெயில் அப்பா. இன்னொரு பாடமும்.”

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். அவள் மேல் இல்லை, பல்கலைக்கழகத்தின் மேல். “பிழையாத் திருத்தியிருப்பாங்கள். மாவட்டத்திலை ஏழாவது வந்த பிள்ளை கணக்கிலை பெயிலாகிறதோ? திருப்பித் திருத்தச் சொல்லிக் கடிதம் போடு.”

“பிழையாத் திருத்தேல்லை. எனக்குத் தெரியும், நான் என்ன எழுதினனான் எண்டு.”

“இங்கிலீசிலை படிப்பிக்கிறதாலையோ?”

“முதல் மூண்டு மாசம் அது. பிறகு சொல் விளங்கிச்சுது, கேள்வி விளங்கேல்லை. அங்கை வாற கேள்விக்கு வருசமில்லை அப்பா.”

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். மீள்பரீட்சைக்கான படிவம். திங்கட்கிழமைக்குள் அங்கே கையில் கொடுக்க வேண்டும். ஒரு இடமும் நிரப்பவில்லை.

“இதைக் குடுக்காட்டி?”

“அடுத்த வருசம் எழுதலாம் எண்டு சொல்லுவினம். ஆனா இப்ப போகாட்டி நான் பிறகும் போகமாட்டன். அது எனக்குத் தெரியும்.”

“அப்ப உந்த இசட் புள்ளி பொய்யோ?” என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“பொய்யில்லை. என்னை உள்ளை விட்டது அதுதானே. உள்ளை போனாப்பிறகு, என்ரை பட்ச்சிலை இருக்கிற ஆக்களிலை முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு சந்தியிலை பனர் தொங்குது. கம்பஸ் சோதினையிலை முதலாவது வந்தவள் பின்தங்கின மாவட்டத்துக்காரி, கோட்டாவிலை வந்தவள், என்னைவிட எவ்வளவோ குறைஞ்ச புள்ளி. இரண்டாவது வந்தவன் என்னைவிடக் கூட. இதிலை என்னத்தைச் சொல்லுறது?”

வியாழன் முழுக்கப் படிவம் அதே இடத்தில் கிடந்தது. மனைவி கூட்டப் போகிற சாட்டில் இரண்டு தரம் போய்ப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவர் தன் மோட்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நான் திருத்தி ஒரு கிழமைதான். “அண்ணை, உங்கடை பரலுக்குள்ளை நல்லாத்தான் இறைக்குது. என்ரை கிணத்திலை மூச்சு வாங்குது. உதை நீங்களே கொண்டுபோய்க் கட்டிலிலை படுக்க வையுங்கோ.”

கடையில் பரல் ஒன்று இருக்கிறது, தண்ணீர் நிரப்பிய தகரப் பீப்பாய். திருத்திய மோட்டரை அதில் வைத்து ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். பரலில் ஓடாதது எந்தக் கிணற்றிலும் ஓடாது, அது நிச்சயம். ஆனால் பரலில் ஒரே மாதிரி ஓடிய நாலு மோட்டரை ஆழக் கிணற்றில் இறக்கினால், எது இழுக்கும், எது திணறும் என்று பரல் சொல்லாது. இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விசயம் இது. மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே பதாகை தொங்கியது. இரண்டு வருட வெயிலில் சிவப்பெல்லாம் போய், மகளின் முகம் நீலமாகிக் கிடந்தது.

அவர் போனதும் சேருக்கு அழைத்து, மகள் வரமாட்டாள் என்று சொல்ல நினைத்தேன். தொலைபேசியை எடுத்தும் விட்டேன். என்ன காரணம் சொல்வது என்று வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கு அவரே தோடம்பழத்தோடு வீட்டுக்கு வந்து நிற்பார். பின்னேரம் மகளிடம், “நீ வரவேண்டாம், நான் சமாளிக்கிறன்” என்றேன்.

“நீங்கள் ஓம் எண்டிட்டியளெல்லோ. வாறன்.”

சனிக்கிழமை மண்டபம் நிறையப் பிள்ளைகள். பெற்றோர் பின்சுவரோடு நின்றோம். மகள் வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் விளக்கைக் கொளுத்தினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. படிவம் வீட்டில் அதே கட்டிலில் வெறுமையாக இருந்தது.

சேர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த அக்காவிட்டை ஒரு விசேசம் இருக்குது. இப்ப பாருங்கோ.” மேசையில் இருந்த வினாத்தாள் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, முதல் வரியை வாசித்தார். என் வேடிக்கைதான் அது. கடையிலிருந்து மண்டபத்துக்கு வந்திருந்தது.

மகள் வருடத்தைச் சொன்னாள். கேள்வி இலக்கத்தையும் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். சேர் இன்னொன்றை எடுக்கப் போனார். அவள் கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினாள்.

“உது எனக்கு இப்பவும் மனப்பாடம். இந்த மாதம் கம்பஸ் பெறுபேறு வந்தது. கணக்கிலை நான் பெயில்.”

சேர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா, அப்ப பனரைக் கழட்டலாமோ?”

பிள்ளைகள் சிரித்தார்கள். மகளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த நாலு நாளில் முதல் தரம்.

“அது அப்பா செப்புக் கம்பியாலை கட்டினது. அவர்தான் கழட்டோணும்.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பியது. “அப்ப நாங்கள் பாஸ்ற் பேப்பர் செய்ய வேண்டாமோ அக்கா?”

“செய்யுங்கோ. செய்யாட்டி உள்ளை போகேலாது. நான் செய்ததிலை பிழையில்லை. விடை சரியா வந்தவுடனை அடுத்த கேள்விக்குப் போனன், அதுதான். ஏன் சரியா வந்தது எண்டு எனக்குத் தெரியாது. நேரம் போட்டுது எண்டு பயம்.”

நேரம் போட்டுது. அது நான் சொன்ன சொல். அவள் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பின்பக்கமும் மணிக்கூடும் கண்ணுக்குள் வந்தன. அவளுக்கு நான் கொடுத்ததெல்லாம் நேரம் என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்தபோது சேர் என் தோளைப் பிடித்தார். “அண்ணை, ஒரு சொல் முதலே சொல்லியிருக்கலாம்.”

“எனக்கே புதன்கிழமைதான் தெரியும் சேர்.”

“அவவைத் திருப்பி அனுப்புவியளோ?”

“நான் அனுப்புறதில்லை” என்றேன். “அவ போறதெண்டால் போவா.”

கடையிலிருந்து ஏணியையும் கம்பி வெட்டுகிற குறட்டையும் எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்தேன். கூட்டம் முடிந்து போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். முறுக்கிய கம்பி அவிழவில்லை. மரப்பக்கத்துக் கம்பி இரண்டு வருடத்தில் தோலுக்குள் போயிருந்தது. ஒவ்வொரு இடமாக வெட்டினேன். மகள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாவது கம்பியை வெட்டியதும் பதாகை மடிந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் அதைத் தூக்கித் தூசியைத் தட்டி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“உதை ஏன் பிள்ளை? சேர் கேக்கேல்லை, எறிஞ்சு விடுவம்.”

“தடிச்ச பிளாஸ்ரிக். தேவைப்படும்.”

என்ன தேவை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்தேன்.

ஞாயிறு காலை எழும்பினபோது கிணற்றடியில் வாளி இல்லை. கூடத்தில் மனைவியும் மகளும் நிலத்தில் இருந்தார்கள். வாளிக்குள் தலகணியையும் லைற்றையும் திணித்து, பதாகையால் சுற்றி, காயப்போடுகிற கயிற்றால் இறுக்கிக் கொண்டிருந்தார்கள். படம் உள்பக்கம். வெளியே வெறும் வெள்ளை. கட்டிலில் கிடந்த படிவம் நிரப்பப்பட்டு, அவளுடைய பைக்குள் இருந்தது. மனைவி அதை எனக்குக் கண்ணால் காட்டினாள்.

கொக்குவில் நிலையத்தில் ரயில் அதிக நேரம் நிற்காது. வாளியை உள்ளே தூக்கிக் கொடுத்தேன். “போய்ட்டு வாறன் அப்பா” என்றாள். “நல்லாப் படி” என்று வழமையாகச் சொல்கிறதை நான் சொல்லவில்லை. திங்கள் மத்தியானம் அழைத்து, “குடுத்திட்டன்” என்றாள். அவ்வளவுதான்.

மீள்பரீட்சை எழுதிவிட்டாள். இதை எழுதுகிற நாள்வரை பெறுபேறு வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள், பிள்ளை எப்படி என்று. சோதினை எழுதியிருக்கிறாள், பாப்பம் என்கிறேன். முன்பு என்றால் விடையை நானே சொல்லியிருப்பேன்.

போன கிழமை ரியூசனில் இருந்து ஆட்கள் வந்தார்கள். இந்த வருடப் பதாகையில் மூன்று பிள்ளைகளின் படம். செப்புக் கம்பி தரச் சொல்லிக் கேட்டார்கள். உள்ளே போய், கயிறு எடுத்துக் கொடுத்தேன்.