இருக்கும்போதே பழக்கிவிட்டுப் போன அண்ணன்

எங்கள் அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவி. அப்பா பிறர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். அவர் பாம்பு கடித்து இறந்தபோது அண்ணன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தார். அதோடு படிப்பு நின்றது. வயது வந்ததும் பஞ்சாலையில் சேர்ந்தார். கடைசிவரை அதே ஆலைதான். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அண்ணன்தான். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அண்ணன் வாய் திறக்கமாட்டார். ஆனால் ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போதே கவலை வந்துவிட்டது. தனக்குப் பிறகு மதினி யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. அது ஒன்றுதான்.

வேலையை விட்டபின் மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்று ஆலை ஆபீஸில் விசாரித்தார். அன்றிலிருந்தே அந்தப் பணத்துக்குள்தான் வீட்டுச் செலவு. மீதிச் சம்பளம் போஸ்டாபீஸுக்குப் போயிற்று. கறி நின்றது. ராத்திரிக்குக் கஞ்சியும் துவையலும். ஆலைக்குச் சைக்கிள். கூட வேலை பார்த்தவர்கள் சும்மா விடவில்லை.

“என்ன அண்ணாச்சி, ரிட்டயர்டு ஆவ இன்னும் காலம் கெடக்கு. அதுக்குள்ள கஞ்சியா?”

“அப்பம் போயி சொன்னா வயிறு கேக்காதுவே. இப்பமே சொல்லி வைக்கேன்.”

பிள்ளை இல்லாதவர் பணம் என்றால் எல்லாரிடமும் ஒரு யோசனை இருக்கும். மதினியின் தம்பி ஒருநாள் வந்தார்.

“அத்தான், திசையன்விளையில ஒரு ஆளு நூத்துக்கு மூணு வட்டி தாராரு.”

“மூணு வட்டி தாரவன் முதலைத் தருவானாலே?”

“இப்படிப் பயந்தா காசு குட்டி போடுமா அத்தான்?”

“குட்டி போட வேண்டாம்லே. தாய் உயிரோட கெடந்தா போதும்.”

பணம் சேர்த்ததைவிட மதினியைப் பழக்கியதுதான் பெரிய பாடு. மாதாமாதம் போஸ்டாபீஸுக்கு மதினியைக் கூட்டிப்போவார். உள்ளே போகமாட்டார். வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நிற்பார். முதல் தடவை படிவத்தைத் தப்பாக எழுதிவிட்டு மதினி அழுதுகொண்டே வெளியே வந்தார்.

“நீங்க இருக்கும்போது நான் எதுக்கு அங்கன போயி நிக்கணும்?”

“நான் இருக்கும்போதே போ. தப்பாப் போனா வந்து கேக்கலாம்லா. இல்லாதப்ப யாருட்ட கேப்ப?”

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார்.

ஆலையில் மாலை போட்டு அனுப்பினார்கள். மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் நிற்கிறார். வேலை நாளில் அவர் வந்ததே கிடையாது. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிவிட்டேன்.

“ஒண்ணுமில்லட்டி. எனக்குத்தான் இனிமே வேலை இல்லேல்லா. ஆத்துல குளிச்சிட்டு, ஒன் கையால சோறு தின்னுட்டுப் பைய போவலாம்னு வந்தேன்.”

தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தேன். சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலம்வரை தூங்கினார். அண்ணன் பகலில் தூங்கி அன்றுதான் பார்த்தேன். ஈக்கு விசிறிக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். போகும்போது, “இனிமே செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை வருவேன், சொதி வச்சிரு” என்றார்.

சில செவ்வாய்கள் வந்தார். அப்புறம் ஒரு காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சொதி வைப்பதை நான் நிறுத்தவில்லை. நிறுத்த வரவில்லை.

காரியம் முடிந்ததும் மதினியைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி அவர் தம்பி கூப்பிட்டார். மதினி போகவில்லை.

“என் வீட்டுல நான் இருக்கேன்லே. ஒனக்குச் சோறு வேணும்னா நீ இங்கன வா.”

அவரும் வந்து சாப்பிட்டுப் போகிறார்.

அண்ணனைத் தூக்கிக் காரில் ஏற்றிய அக்கம்பக்கத்தாரை மறக்கமாட்டோம். ஆலையிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை ஓடியாடி நின்ற மதினியின் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வருஷ நினைவு நாளுக்கும் இந்த நினைவு மலரை அச்சடித்ததற்கும் ஆன செலவு மதினியுடையது. யாரிடமும் கேட்கவில்லை. கவரில் பணம் கொண்டுவந்தவர்கள் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது என்றும் சொன்னார்.

எந்த விசேஷத்திலும் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு அண்ணன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இன்றைக்கும் கடைசிப் பந்தி எழும்பும்வரை நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கச்சி