அப்பா எங்கே என்று கேட்டேன்

1. தொழில் ரகசியம்

வீட்டில் பெரியவர்கள் பொய் சொல்வார்கள், பிள்ளைகள் சொல்லாது. தேடிப் போன ஆள் இல்லையென்றால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, மெதுவாகக் கேள். நான் போலீஸில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் தொழில் ரகசியம் இதுதான். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடையாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் படிப்பது. பெண் போலீஸ் கூட இருந்தால் அந்த வேலை தானாகவே அவள் தலையில் விழும். இருபத்தைந்து வருஷம் நானும் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு போன கதையை, இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு நடந்தது. சொந்த ஊர் பூதப்பாண்டி என்றாலும் அப்போது மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தேன். ராஜன் என்று ஒருவர், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற வேலை. குடித்துவிட்டு ஒரு தகராறில் பக்கத்து ஊர்க்காரரைக் கம்பியால் அடித்துவிட்டார். அடிபட்டவருக்கு ஒரு கண் போயிற்று. அவருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆகவே ராஜனைப் பிடித்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. பிடித்த விதத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

காலை ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டரோடு அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் ராஜனின் மனைவி சுஜா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் ரிப்பன் கட்டியாகிவிட்டது, மறுபக்கம் முடி விரிந்து கிடந்தது.

"அவரு நேத்தே போயாச்சு சாரே. எங்க போனாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் சுஜா.

"ஏட்டம்மா, பாப்பாகிட்ட கேட்டுப் பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மகள் அபிஷாவுக்கு எட்டு வயது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதற்கு முந்தின மாதம்தான் அவள் பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வு வகுப்பு எடுத்திருந்தேன். "நான் உங்க ஃபிரண்டு. என்கிட்ட எதையும் மறைக்கப்பிடாது" என்று சொல்லி ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்திருந்தேன். அன்று முதல் அந்தப் பிள்ளைகளுக்கு நான் போலீஸ் டீச்சர்.

அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்தேன். "மக்கா, அப்பா எங்க?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "புகைப்புரைக்குள்ள இருக்காரு. சத்தம் போடாதீங்க, அப்பா உறங்குதாரு" என்று என் காதில் சொன்னாள்.

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற சின்ன அறைதான் புகைப்புரை. தோட்டத்தின் மூலையில் இருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓடிப் போய் ராஜனை இழுத்து வந்தார்கள். சட்டை இல்லை, ஒரு காலில் மட்டும் செருப்பு. சுஜா மகளைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"சூப்பர் ஏட்டம்மா. ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டீங்க" என்று ஜீப்பில் இன்ஸ்பெக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சிரித்தேன் என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

2. டீச்சரின் போன்

மூன்றாவது வாரம் அபிஷாவின் வகுப்பு டீச்சர் போன் செய்தார்.

"மேடம், அந்தப் பிள்ள வாயே தொறக்கல. அட்டெண்டன்ஸ் எடுத்தா கைய மட்டும் தூக்குகா. வீட்டுலயும் அப்படித்தானாம். பெரியப்பன் பெண்டாட்டி யாரோ, 'உனக்க வாயாலதான் உனக்க அப்பன் ஜெயிலுக்குப் போனான்'னு பறஞ்சிட்டாளாம்."

அன்று சாயங்காலம் சேலை கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். சுஜா என்னை வாசல் தாண்ட விடவில்லை.

"இனி என்னத்த கேக்க வந்திய? மிச்சம் இருக்கது நானும் அவளுந்தான்."

நின்றேன். திட்டட்டும் என்று நின்றேன். திட்டி முடித்தபின் அவளே அழுதுகொண்டு சொன்னாள்: "ஜெயில்ல மனு குடுத்து அவரப் பாக்கப் போகும்போ எல்லாம், காட்டிக்குடுத்தவன் காலை ஒடிப்பேன்னு நிக்காரு. பக்கத்து வீட்டுக்காரன்னு நெனச்சிருக்காரு. பிள்ளதான்னு தெரிஞ்சா? குடிச்சா அவருக்கு ஆளும் தெரியாது, பேரும் தெரியாது."

உள்ளே கதவிடுக்கில் இரண்டு கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கவுன்சிலிங்குக்கு ஏற்பாடு செய்தேன். வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து போனார். அபிஷா அவரோடு படம் வரைவாள், பேசமாட்டாள். "அப்பா என்ன சொல்லப் போறாருன்னு காத்துக்கிட்டு இருக்கா மேடம். அதுவரைக்கும் வேற யார் சொல்றதும் அவளுக்குள்ள போகாது" என்றார் கவுன்சிலர்.

3. கண்டிஷன் கையெழுத்து

ராஜனுக்கு கண்டிஷன் பெயில் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஜெயிலிலிருந்து சாயங்காலம் வெளியே வந்தவர் நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை நேராக ஸ்டேஷனுக்கு வந்தார். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நான் அங்க உண்டும்னு எவன் பறஞ்சான்?"

ரகசியத் தகவல் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் என்றைக்காவது ஒருநாள் குடித்துவிட்டு வருகிற நேரத்தில் அந்தப் பெரியம்மா வாயிலிருந்து இது அவர் காதில் விழுந்தால், பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.

"அபிஷாகிட்ட நான் கேட்டேன். அவ சொன்னா" என்றேன். "என்னை நம்பித்தான் சொன்னா. பள்ளிக்கூடத்துல வச்சு அப்படி நம்ப வச்சதும் நான்தான். கோவம் உண்டுன்னா என்கிட்ட காட்டுங்க. அன்னைக்குப் பொறவு உங்க பிள்ள ஒரு வார்த்தை பேசல."

அவர் முகம் கறுத்தது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்க மோளா?" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டார். அப்புறம் எழுந்து, "நீங்களும் கூட வாருங்க மேடம். எனக்குத் தனியா போக ஒக்காது" என்றார்.

ரெஸ்ட் ரூமில் சேலை மாற்றிக்கொண்டு அவரோடு ஆட்டோவில் போனேன்.

சுஜா எங்களைப் பார்த்ததும் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ராஜன் முற்றத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மோளே, நீ பறஞ்சதுனால அப்பா ஜெயிலுக்குப் போகல. அப்பா ஒரு ஆளை அடிச்சேன். அதுக்குத்தான் போனேன். உனக்க மேல எனக்குக் கோவமே இல்ல, கேட்டியா?"

அபிஷா வெளியே வந்தாள். அப்பாவின் தோளைத் தொட்டபடி நின்றாள். ஆனால் அவள் பார்த்தது என்னை. ரொம்ப நாள் பேசாத தொண்டை, குரல் கரகரத்தது.

"டீச்சர், நான் பொய் பறஞ்சிருக்கணுமா?"

எத்தனையோ கோர்ட்டுகளில் கூண்டில் ஏறியிருக்கிறேன். பெரிய பெரிய வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார்கள். இப்படி நான் திணறியதில்லை.

"இல்ல மக்கா" என்றேன். "நான் உன்கிட்ட கேட்டிருக்கப்பிடாது."

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவள் பழையபடி பேச ஆறேழு மாதம் ஆயிற்று. ராஜன் குடியை இரண்டு தடவை விட்டு இரண்டு தடவை தொட்டார். நான் ஓய்வு பெறும்போதும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

நான் மாறியது ஒரு விஷயத்தில்தான். அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. "அதுக்குள்ள ஆள் எஸ்கேப் ஆயிட்டா என்ன செய்வீங்க ஏட்டம்மா?" என்று கேட்ட அதிகாரிகள் உண்டு. ஒருவன் தப்பவும் செய்தான். பிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று, எனக்கு மெமோவும் வந்தது.

வரட்டும். அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறது நாம்தான், பிள்ளை இல்லை.